ஆவாரையைத் தண்ணீர் ஊற்றிக் கொல்லாதீர்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருச்சிக்கு வெளியே வீடு. பின்பக்கம் 2 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. சரளை கலந்த செம்மண். மாடியில் தொட்டியில் தக்காளியும் கத்தரியும் இருக்கின்றன. பூக்கின்றன, காய் பிடிப்பது குறைவு. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வந்து போகிற மாதிரி நம் ஊர்ச் செடி ஒன்றை வைக்கலாம் என்று ஆவாரையைத் தேர்ந்தெடுத்தீர்கள். ரோட்டோரத்திலிருந்து பிடுங்கி வந்து நட்டது ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது. நர்சரியில் வாங்கியதை மண்புழு உரம் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு வளர்த்தீர்கள். இரண்டு மாதத்தில் இலை பழுத்து, தண்டின் அடி கறுத்துப் போய்ச் செத்தது. கூடவே இரண்டு சந்தேகம்: ஆவாரம்பூவில் தேனே கிடையாதாமே, அப்புறம் தேனீ எதற்கு வரும்? புழு வந்தால் என்ன மருந்து அடிப்பது?

முதலில் செத்த கதையைப் பார்த்துவிடுவோம். இரண்டு செடிக்கும் சாவு இரண்டு விதம். ரோட்டோரச் செடி வேர் அறுந்து செத்தது. ஆவாரை முழங்கால் உயரம் இருக்கும்போதே ஆணிவேரை நேராக ஆழத்துக்கு அனுப்பிவிடும். மண்வெட்டி போட்டுத் தோண்டினாலும் கைக்கு வருவது மேலே உள்ள ஒரு சாண் வேர்தான்; தண்ணீர் தேடிப் போன நுனி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அந்தச் செடியை எத்தனை அக்கறையாக நட்டாலும் பிழைக்காது. நர்சரிச் செடி அக்கறை மிகுந்து செத்தது. அடித்தண்டு கறுத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதே போதும், அது அழுகல். தாராபுரம் பக்கம் எங்கள் மேட்டாங்காட்டில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே நான்கு மாதம் ஆனாலும் ஆவாரை அசையாமல் நிற்கும். அதன் கழுத்தில் தினம் இரண்டு வேளை ஈரம் பட்டால் என்ன ஆகும்? ரோஜாவுக்குச் செய்வதை ஆவாரைக்குச் செய்யக்கூடாது. உங்கள் மண்ணில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், சரளை கலந்த செம்மேடுதான் அதற்குப் பிடித்த இடம்.

இன்னொன்று. நர்சரியில் தந்தது ஆவாரைதானா என்று எனக்கே சந்தேகம் இருக்கிறது. நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒரு நர்சரியில் 'ஆவாரம்பூதான் சார்' என்று கொடுத்ததை நம்பி நான்கு வாங்கி வந்தேன். ஒன்றரை ஆண்டில் ஆள் உயரத்தைத் தாண்டி மரமாகப் போகிறதே என்று பார்த்தால், பூங்காக்களில் அழகுக்கு வைக்கும் வேறொரு மஞ்சள் பூச்செடி. இந்தக் குழப்பம் சகஜம், ஏனென்றால் ஒரே சாயலில் நிறைய உண்டு. பேயாவரை, சீமை அகத்தி, மஞ்சள் கொன்றை எல்லாம் ஒரே கூட்டத்துச் சொந்தங்கள்தான். பூவை மட்டும் பார்த்தால் யாரும் தடுமாறுவார்கள்.

ஆவாரையை அறிய பூவைப் பார்க்க வேண்டாம், இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் வட்டமாக, காது மடல் போல, இலை மாதிரியே பச்சையாக இரண்டு உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உதிராது, இலை இருக்கும் வரை இருக்கும். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்கு 'ஆரிகுலேட்டா' என்று பெயர் வைத்ததே இந்தக் காதை வைத்துத்தான்; அந்தச் சொல்லுக்குக் காதுடையது என்று பொருள். அதே இலையை இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். எதிரெதிராக இருக்கும் ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவே மெல்லிய ஆணி ஒன்று நிமிர்ந்து நிற்கும். அது சுரப்பி. அதன் முனையில் எறும்பு வாய் வைத்து நிற்பதைப் பார்க்கலாம். காதும் ஆணியும் இருந்தால் ஆவாரை. இல்லையென்றால் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.

ஆனால் என் யோசனை, செடியே வாங்க வேண்டாம். விதை போடுங்கள். செலவு இல்லை, வேர் அடிபடாது, உங்கள் வட்டாரத்து வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய செடியின் பிள்ளையாகவும் இருக்கும்.

ஊரை விட்டு வெளியே வண்டியில் போகும்போது தரிசிலும் சாலையோரத்திலும் பாருங்கள். பூவும் காயும் ஒரே செடியில் இருக்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் மேடு தட்டியிருக்கும். பச்சையாக இருப்பதைப் பறிக்காதீர்கள். பழுப்பேறி, கையில் எடுத்தால் சலசலக்கிற காயாகப் பாருங்கள். ஒரே செடியில் மொட்டையடிக்காமல் நாலைந்து செடியில் இரண்டு மூன்று காய் எடுத்தால் போதும். வீட்டில் உரித்துப் பார்த்தால் பாதி விதையில் குண்டூசித் துளை இருக்கும். அது விதைக்குள்ளேயே வளர்ந்து வெளியே வந்த சிறு வண்டின் வேலை, பயறில் விழுமே அதே கூட்டம். துளை உள்ளதை எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். சீராக, பளபளப்பாக இருப்பவை ஒரு கைப்பிடி தேறினால் உங்கள் 2 சென்ட்டுக்குத் தாராளம்.

இந்த விதையை அப்படியே மண்ணில் போட்டால் ஒன்றிரண்டு முளைக்கும், மற்றவை கல் மாதிரி கிடக்கும். மேல்தோல் அத்தனை கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது. காட்டுச் செடிக்கு அது ஒரு பாதுகாப்பு. ஒரு மழையை நம்பி எல்லா விதையும் ஒரே நாளில் முளைத்து, அடுத்த மழை பொய்த்தால் வம்சமே போய்விடும் அல்லவா. நமக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் விதையைப் போட்டு மூடி வைத்துவிடுங்கள். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் வெந்துவிடும், ஜாக்கிரதை. காலையில் பார்த்தால் சில விதை உளுந்து ஊறின மாதிரி இரண்டு மடங்கு பருத்திருக்கும். அவை தயார். பருக்காதவற்றை எடுத்து உப்புத்தாளில், முளை வரும் மூக்குப் பக்கம் விட்டு மறுபக்கம் இரண்டு இழுப்பு இழுங்கள். தோலின் பளபளப்பு போய் உள்நிறம் லேசாகத் தெரிந்தால் போதும். மறுபடி பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு. கிட்டத்தட்ட எல்லாமே ஊறிவிடும்.

எப்போது போடுவது? ஆடியில் ஒரு மழை கிடைத்தால் போடலாம், ஆனால் உங்கள் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். புரட்டாசிக் கடைசியில் நிலைத்த இடத்திலேயே குழிக்கு மூன்று விதை வீதம் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் இறங்கிவிடும், தை பிறந்து ஈரம் காய்வதற்குள் செடி தன் காலில் நிற்கும். முளைப்பதற்கு ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம். மூன்றும் முளைத்தால் நல்லது ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும். பையில்தான் போடுவேன் என்றால் உயரமான பையாக எடுங்கள், அடியில் வேர் சுருளுவதற்குள், இரண்டு மூன்று மாதத்தில், நிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

குழிக்குக் குழி நான்கு ஐந்து அடி. தனித்தனியாகச் சுவர் ஓரம் முழுக்க வரிசை கட்டாதீர்கள். ஐந்தாறு செடியை ஒரே இடத்தில் கூட்டமாக வையுங்கள். தூரத்தில் பறக்கிற வண்டுக்கு ஒற்றைச் செடியை விட மஞ்சள் திட்டு ஒன்று தெரிவது முக்கியம். நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். வேப்பமர நிழலில் வைத்தால் இலைதான் இருக்கும், பூ இராது.

உரம் வேண்டாம். பயறு வகைக் குடும்பமாயிற்றே, தானே தழைச்சத்து பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அது இந்தச் செடிக்குப் பொருந்தாது. ஆவாரையின் வேரில் கடலைக்கு இருப்பது போல முடிச்சு கிடையாது. அப்படியும் அதற்கு உரம் தேவைப்படுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதன் தழையே வயலுக்கு உரம். எருக்கு, கொழுஞ்சியோடு ஆவாரையையும் வெட்டி வந்து சேற்றில் மிதித்து நெல் நட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. தண்ணீரைப் பொறுத்தவரை முதல் கோடையில் மட்டும் பத்து நாளைக்கு ஒரு முறை ஒரு குடம் ஊற்றுங்கள், தண்டின் அடியில் அல்ல, ஓர் அடி தள்ளி. அடுத்த ஆண்டிலிருந்து அதை மறந்துவிடலாம்.

சரி, தேன் விஷயம். உங்களிடம் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆவாரம்பூவில் தேன் இல்லை. அது தருவது மகரந்தம் மட்டும். அதையும் சும்மா தராது, பூட்டி வைத்திருக்கிறது.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் இதழ் ஐந்து. நடுவே மகரந்தத் தாள் பத்து. பத்தும் ஒரே அளவில் இல்லை. மேலே உள்ள மூன்று மலடு, பேருக்கு நிற்கின்றன. நடுவில் குட்டையானவை. கீழே பெரியவை, கொம்பு போல வளைந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். செம்பருத்தியின் மகரந்தம் தொட்டாலே விரலில் ஒட்டும். இதில் எத்தனை தேய்த்தாலும் ஒட்டாது. மகரந்தப்பை நெடுக வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் உப்புப்புட்டி மாதிரி பொடித் துளை. உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமானால் குலுக்க வேண்டும், அதுவும் மிக வேகமாக.

குலுக்குவது யார்? கருவண்டு. வண்டு என்று பேச்சில் சொல்கிறோமே தவிர அது தேனீதான், மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தச்சுத் தேனீ. கட்டைவிரல் நுனி அளவு உடம்பு, முழுக் கறுப்பு, வெயில் பட்டால் இறக்கையில் நீலமும் ஊதாவும் ஓடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் செடியருகே போய் நில்லுங்கள். பறந்து வரும்போது அதன் சத்தம் அடித்தொண்டை 'ர்ர்ர்' மாதிரி கனமாக இருக்கும். பூவில் உட்கார்ந்து, உடம்பை வளைத்து, நடு மகரந்தப்பைகளைக் காலால் கட்டிக்கொள்ளும். அந்த நொடியில் இறக்கை நின்றுவிடும். ஆனால் சத்தம் நிற்காது, சட்டென்று மேல்ஸ்தாயிக்கு ஏறி 'ஞீ' என்று சின்னச் சின்னத் துண்டாகக் கேட்கும். பறப்பதற்கான தசைகளை இறக்கை அசையாமல் அதிர வைக்கிறது. அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் புகை மாதிரி வெளியேறி அதன் வயிற்றில் அப்பும். அதைக் கூட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைக்குக் கொடுக்கும். அதே அதிர்வில் கீழே நீட்டியிருக்கிற பெரிய மகரந்தப்பைகளும் பொடியை உதறுகின்றன. அது வண்டு வாரி எடுக்க எட்டாத விலாப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். சில பூவில் சூல்தண்டு இடது பக்கம் வளைந்திருக்கும், சில பூவில் வலது பக்கம். எந்த விலாவில் மகரந்தம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பட வளைந்த பூவுக்கு அது போய்ச் சேரும். நடுவில் இருப்பது வண்டுக்குக் கூலி, கீழே இருப்பது பூவின் சொந்தக் காரியம்.

சாதாரணத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீயும் கொம்புத் தேனீயும், இப்படி அதிர வைக்காது. அவையும் வரும், கருவண்டு போன பிறகு இதழில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கும். கொசுத்தேனீயும் அப்படித்தான். ஆகவே 'தேனீ வளர்க்கிறேன், பக்கத்தில் ஆவாரை வைத்தால் தேன் கூடுமா' என்று யாராவது கேட்டால் கூடாது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் மாடித் தோட்டத்துக்கு இதில்தான் லாபம். தக்காளிப் பூவையும் கத்தரிப் பூவையும் பார்த்திருப்பீர்கள், நடுவில் மஞ்சள் கூம்பு. அதுவும் இதே பூட்டுதான். கத்தரியில் நுனியில் துளையே உண்டு. காற்றில் ஆடியே ஓரளவு காய் பிடிக்கும் என்றாலும், அதிர வைக்கத் தெரிந்த தேனீ வந்தால் பிடிப்பதே வேறு. ஆவாரைக்கு வந்து பழகிய கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பத்தடி தள்ளி இருக்கிற கத்தரியை விடாது. (வெயில் 35 டிகிரிக்கு மேல் போகிற மாதங்களில் தக்காளிப் பூ உதிர்வதை எந்த வண்டும் தடுக்காது, அதற்காகச் சித்திரையில் என்னைத் திட்டாதீர்கள்.)

நீலப்பட்டைத் தேனீயைப் பலர் பார்த்தும் கவனித்திருக்க மாட்டார்கள். அடுக்குத் தேனீயைவிடக் கொஞ்சம் குண்டு. வயிற்றில் வளையம் வளையமாக நீலம். ஒரு இடத்தில் நிற்காது, அம்பு மாதிரி பாய்ந்து பாய்ந்து போகும். பொழுது சாய்ந்தபின் டார்ச் எடுத்துக்கொண்டு போய் வேலியோரக் காய்ந்த குச்சிகளைப் பாருங்கள். ஆண் தேனீக்கள் குச்சியை வாயால் கவ்விக்கொண்டு, காலைக்கூட ஊன்றாமல், வரிசையாகத் தொங்கித் தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிய பிறகு அந்தக் குச்சியை ஒடிக்க யாருக்கும் மனசு வரவில்லை, இன்றும் நிற்கிறது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வருகிறது. பூ வைத்துவிட்டால் பூச்சி வந்துவிடும் என்று நினைக்கிறோம். பூ அதற்குச் சாப்பாட்டுக் கடை மட்டும்தான்; வீடு வேறு இடத்தில் வேண்டும். கருவண்டு காய்ந்த மரத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டமாகத் துளைபோட்டுக் குடியிருக்கும். நீலப்பட்டைத் தேனீ மண்ணிலும் பழைய மண்சுவரிலும் வளை தோண்டும். புதுவீட்டில் இரண்டுமே இருக்காது. நீங்களே சொல்லுங்கள், பின்பக்கத்தைச் சிமென்ட் டைல்ஸ் போட்டு மூடிவிட்டு ஓரத்தில் ஒரு பூச்செடி வைத்தால் அது எங்கே போய்க் குஞ்சு பொரிக்கும்? ஒரு பட்டுப்போன முருங்கை அல்லது வேப்பங் கிளையை, கை தடிமன் உள்ளதாக, மழை நேராகப் படாத இடத்தில் சாய்த்து வையுங்கள். கணுவோடு வெட்டிய காய்ந்த மூங்கில் நாலைந்தைக் கட்டித் தொங்கவிட்டாலும் சரி. ஓர் இரண்டு முழ இடத்தைப் புல் மூடாமல், கொத்தாமல், வெறும் மண்ணாக விடுங்கள். கருவண்டு கொட்டுமா என்ற பயம் வேண்டாம். உங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அது நம்மைச் சட்டை செய்யாது.

அடுத்தது உங்கள் புழு. மருந்து என்ன என்று கேட்டீர்கள். மருந்து வேண்டாம், அந்தப் புழுதான் நீங்கள் கேட்ட வண்ணத்துப்பூச்சி.

எமிகிரன்ட் என்கிற வகை ஒன்று உண்டு; நடுத்தர அளவு, வெள்ளையில் லேசான பச்சை அல்லது எலுமிச்சை மஞ்சள் ஓடும், நிற்காமல் வேகமாகப் பறக்கும். மழைக்காலம் ஒட்டிச் சில நாள் நூற்றுக்கணக்கில் ஒரே திசையில் ரோட்டைக் கடந்து போகுமே, அந்தக் கூட்டத்தில் இதுவும் இருக்கும். அதன் பெண் ஆவாரைத் துளிர் இலையில் முட்டை வைக்கும். ஒரு முட்டை, பிறகு அடுத்த இலை. வெள்ளையாக, நட்டு வைத்த அரிசி நுனி மாதிரி நிற்கும். வருகிற புழு இலைப் பச்சை, விலாவில் ஒரு வெளிர் கோடு, அதன் மேல் கரும்புள்ளி வரிசை. இலையின் நடுநரம்பில் படுத்திருந்தால் கண்ணுக்குப் படாது. கூட்டுப்புழு இன்னும் கெட்டிக்காரன். முனை கூர்ந்த பச்சை இலை ஒன்று மடிந்து தொங்குகிற மாதிரியே இருக்கும். முட்டையிலிருந்து பறப்பது வரை மூன்று வாரம் வாக்கில். சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும், தரையை ஒட்டித் தத்தித் தத்திப் பறக்குமே, அவையும் இந்த இலையைத் தேடி வரும்.

ஆகவே இலை ஓட்டையாகும். சில சமயம் ஒரு கிளை முழுக்க ஈர்க்கு ஈர்க்காக நிற்கும். பதறாதீர்கள். வளர்ந்த ஆவாரை இரண்டு மழையில் மீண்டும் தழைத்துவிடும். செடி சின்னது, முழுதாக மொட்டையாகிவிடும் போலிருந்தால் சில புழுவைப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள், போதும். வேப்பெண்ணெய்கூட அடிக்காதீர்கள். இயற்கை மருந்துதானே என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். வேப்பெண்ணெய் அடித்த இலையைப் புழு தின்னாது, தின்றாலும் தோல் உரிக்க முடியாமல் சாகும். அதற்கு இயற்கை செயற்கை என்ற பேதம் தெரியாது. மாவுப்பூச்சி வந்தால் குழாயை வைத்துப் பீய்ச்சி அடித்துக் கழுவினால் போய்விடும். மாடித் தக்காளிக்கு ஏதாவது அடிப்பதாக இருந்தாலும் காலையில் வேண்டாம், பூச்சி அடங்கிய பிறகு சாயங்காலம்.

புழுவில் பாதி பிழைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலைச் சுரப்பிக்கு வந்த எறும்பு சிலவற்றை இழுத்துப் போகும், குளவி வந்து தூக்கும், தேன்சிட்டும் கொத்தும். அது அவர்கள் கணக்கு, நாம் தலையிட வேண்டாம்.

தேனுக்கு வேறு செடி பக்கத்தில் வேண்டும், ஏனென்றால் ஆவாரையில் பிறந்த வண்ணத்துப்பூச்சி குடிக்க ஆவாரையில் ஒன்றும் இல்லை. தும்பை தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள், அதைவிட நல்ல கடை கிடையாது. வெட்சி ஒன்று, நொச்சி ஒன்று, பூக்க விட்ட துளசி நாலு. கிலுகிலுப்பை வைத்தால் புலி வரி போட்ட வண்ணத்துப்பூச்சிகள் அதன் காய்ந்த தண்டையும் நக்க வரும். இடம் இருந்தால் எருக்கு. வீட்டில் எருக்கா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் வைக்காதீர்கள், உண்ணிச்செடி. வண்ணத்துப்பூச்சிக்கு நல்லது என்று நர்சரியிலேயே சொல்லி விற்பார்கள். வண்ணத்துப்பூச்சி வருவது உண்மைதான். ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்கு வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கிற செடி அது; பறவை பழத்தைத் தின்று எங்கெங்கோ கொண்டு போடும்.

வெட்டிவிடுவது பற்றி: பூ கிளை நுனியில்தான் வரும். காய் காய்ந்து விதை சிந்திய பிறகு, ஆனி ஆடி வாக்கில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிட்டால் அடர்த்தியாகக் கிளை விட்டு மழைக்கு அப்புறம் பூத்துத் தள்ளும். வெட்டாமல் விட்டால் அடியில் குச்சியாக, மேலே குடை மாதிரி நிற்கும். இதுவும் ஒரு அழகுதான் என்பது என் கட்சி, என் மனைவி கட்சி வேறு.

பூ பறிப்பதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று சொல்லிச் சொல்லியே டீக்கும் சர்க்கரைக்கும் முகத்துக்கும் என்று உருவிவிடுகிறோம். கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முன்னால் வாசலில் காப்புக் கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றும் வேண்டும். அந்த இரண்டு நாளில் ரோட்டோரச் செடியெல்லாம் மொட்டையாகிவிடும். சங்கப் பாட்டில் காதலுக்காகப் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறிய வருகிறவன், அதாவது மடல் ஏறுகிறவன், சூடுவதும் இந்தப் பூதான். ஒரு காலத்தில் தோல் பதனிட இதன் பட்டையை உரித்து வண்டி வண்டியாகத் தோல் ஷாப்புகளுக்கு ஏற்றினார்கள். அப்புறம் வாட்டில் என்கிற மரத்தின் பட்டை வந்து அதைத் தள்ளியது. இத்தனைக்கும் ஈடு கொடுத்த செடி, உங்கள் வீட்டு ஒரு டம்ளர் டீக்கு அசந்துவிடாது. ஆனால் பறித்த பூவில் வண்டுக்கு மகரந்தம் இல்லை, அடுத்த ஆண்டு விதையும் இல்லை. ஒரு கொத்தில் ஒன்றிரண்டு எடுங்கள், அதுவும் மதியத்துக்கு மேல், வண்டு வேலை முடித்த பிறகு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் இதையும் தினமும் குடிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மாடியில் வைக்கலாமா என்றால், 50 லிட்டர் டிரம்மில், பாதி மணல் கலந்து, அடியில் நிறைய ஓட்டை போட்டு வைக்கலாம். குள்ளமாக இருக்கும், பூக்கும். கீழே நிலம் இருக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு.

முதல் ஆண்டு பெரிதாக ஒன்றும் நடக்காது, சொல்லிவிடுகிறேன். செடி இடுப்பளவு வரும், நாலு பூ பூக்கும், கருவண்டு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போகும். இரண்டாம் ஆண்டு மழை விட்டதும், கார்த்திகை மார்கழியில், காலை ஏழு மணிக்குக் காப்பியோடு பின்வாசலில் உட்கார்ந்து காதைக் கொடுங்கள். கனத்த சத்தம் கேட்டு, அது நின்று, மெல்லிய 'ஞீ' கேட்டால் வண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. விதை எடுக்கும்போது ஒரு ஐம்பதைத் துணிப்பையில் கட்டி வேப்பிலை போட்டு எடுத்து வையுங்கள். இந்த முறை முளைக்காத குழிக்கு அடுத்த புரட்டாசியில் தேவைப்படும்.